முழங்கால் வழியாக ஏறிய ஸ்மார்ட்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் சந்தித்தால், முன்பெல்லாம் பந்தி எப்போது என்று விசாரிப்போம். இப்போது முழங்காலை விசாரிக்கிறோம். ஒருவனுக்குக் குடைச்சல், ஒருவனுக்குக் கடுப்பு, இன்னொருவனுக்குப் பிடிப்பு. என் முறை வந்ததும் நான் சற்று விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, "நம்முளுது ஸ்மார்ட்டுங்க" என்பேன். உங்களில் பாதிப் பேர் அதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மீதிப் பேர் காதில் விழாத மாதிரி பாயசத்தைப் பார்த்திருக்கிறீர்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் போன மாதம்தான் வந்தது.

போன மாதம் கோயமுத்தூரில் ஒரு முட்டி டாக்டரைப் பார்க்கப் போனேன். போனேன் என்று சாதாரணமாகச் சொல்கிறேன். நடந்தது என்னவென்றால், மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் இதயத்துடிப்பு அதிகம் என்று மணிக்கட்டில் நடுங்கியது. அது நடுங்கியதைப் பார்த்து நான் நடுங்கினேன். நான் நடுங்கியதைப் பார்த்து அது இன்னும் நடுங்கியது. எங்கள் இருவரையும் சமாதானப்படுத்தி மகள் காரில் ஏற்றினாள். அதற்குள் நான் அவளுக்கு பீரோ சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி முடித்திருந்தேன். கடைசியில் இதயத்துக்கு ஒன்றுமில்லை, மாடிப்படி ஏறியதுதான் காரணம், கோளாறு முட்டியில் என்று ஆயிற்று.

டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சின்னப் பையன். முட்டியை அமுக்கிவிட்டு, "ஸ்மார்ட் ஆகுதுங்களா, அங்கிள்?" என்று கேட்டார்.

"எங்கீங்க, சுமாராத்தான் இருக்குது" என்றேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் பொறுமையாக, "ஸ்மார்ட்டுன்னா எரியற மாதிரி ஒரு வலிங்க அங்கிள். எங்க புரொபசர் அப்படித்தான் கேப்பார். எனக்கும் அதே பழக்கமாயிருச்சு. இங்க யாருக்கும் அது தெரியறதில்ல" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க தம்பி. நீங்க பொறக்கறதுக்கு முன்னாலயே தெரியும். நான் அந்த வார்த்தையை முழங்கால்லதான் படிச்சேன்."

கதையை அவரிடம் சொல்ல நேரமில்லை. வெளியே இன்னும் நிறைய முட்டிகள் காத்திருந்தன. உங்களிடம் சொல்கிறேன். மாடி ஏற முடியாதவர்களுக்கு வேறென்ன வேலை இருந்துவிடப் போகிறது.

நான் ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குக் காத்திருந்த கோடை அது. மேட்டுப்பாளையத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா கோத்தகிரிக்குப் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். அவருடைய காக்கிச் சட்டையில் டீசல், யூகலிப்டஸ் தைலம், வாந்தி எடுக்கும் பயணிகளுக்காக முன்னால் வைத்திருக்கும் எலுமிச்சம்பழம், மூன்றும் கலந்த ஒரு வாசனை இருக்கும். மே மாதத்தில் அதோடு பலாப்பழமும் சேர்ந்துகொள்ளும். மலை வழியில் குஞ்சப்பனையில் வண்டியை நிறுத்தி யாராவது ஒரு பழத்தை டாப்பில் ஏற்றாமல் இருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் கடைசி நடை முடிந்து, வண்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் வரும்போதே அப்பா ஒரு ஹாரன் கொடுப்பார். ரப்பர் உருண்டையை அமுக்கினால் ஊதுமே, அந்தப் பித்தளை ஹாரன். அம்மா அந்தச் சத்தத்துக்குத்தான் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். கல் காய்வதற்கும் அப்பா வண்டியை விட்டுவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்கும் சரியாக இருக்கும். முதல் தோசை எனக்கு. பாசத்தினால் அல்ல, முதல் தோசை எப்போதும் பிய்ந்துதான் வரும்.

அப்பா படித்தது எட்டாவது வரை. ஆனால் மலைக்குப் போகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து பேசும் இங்கிலீஷில் சிந்தியதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார். 'ஸ்மார்ட்' அப்படிக் கிடைத்ததல்ல. அது அவருக்கென்றே கொடுக்கப்பட்டது. ஒரு குறுகலான வளைவில் எதிரே வந்த லாரிக்கு வண்டியை ஒதுக்கிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, பஸ் முதலாளி, "ஸ்மார்ட்டா ஓட்டறேப்பா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவின் உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஸ்மார்ட்டானவை ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம். எங்கள் வீட்டுப் பூனை ஸ்மார்ட். ஈரோட்டுப் பெரியப்பா ஸ்மார்ட் இல்லை. நான் எந்தப் பக்கம் என்று அவர் சொன்னதில்லை. கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

கோத்தகிரியில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருந்தது. விடுமுறை முடிந்து அதன் பையன்கள் பெட்டியோடு அப்பாவின் வண்டியில் ஏறுவார்கள். கோட்டு, டை, பளபளவென்று ஷூ. பத்து வயதுப் பையன் அப்பாவைப் பார்த்து, "எக்ஸ்க்யூஸ் மீ டிரைவர்" என்பான். அதில் அப்பாவுக்கு வருத்தமே கிடையாது. என்றைக்காவது என் மகனும் வேறொரு டிரைவரிடம் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு அங்கே சில இடங்கள் உண்டென்றும், மே மாதக் கடைசியில் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்றும் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"ஹாஸ்டல்ல தங்கணுமாங்க?" என்றாள் அம்மா.

"பின்ன? தெனமும் மலையேறி இறங்கி வந்து உன்ற தோசையத் திம்பானா?"

தின்பேன் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஹாஸ்டலில் குளிர் இருக்கும், கஞ்சி இருக்கும், பிரம்பு இருக்கும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சாயங்காலம் அங்கே ஹாரன் கேட்காது. அப்பா மலையிலிருந்து பத்திரமாக இறங்கிவிட்டார் என்று அந்தச் சத்தம் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்த வயதிலேயே நான் அவ்வளவு தைரியசாலி.

இப்படியிருக்கும்போதுதான் விழுந்தேன். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சின்ன சைக்கிள். பிரேக் என்ற பெயரில் அதில் ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். பாக்கு மண்டியை ஒட்டிய சரிவில் அதை நிறுத்த வழி தெரியாமல், வேக வைத்துக் காயப் போட்டிருந்த பாக்குக் களத்துக்குள் நேராகப் போய்ச் சரிந்தேன். முழங்கால் சிமெண்டுத் தரையில் உரசி, தோல் சுருண்டுகொண்டது. எது ரத்தம், எது பாக்குச் சாயம் என்று தெரியவில்லை. களத்துக்காரர் கால் முழுக்க ரத்தம் என்று நினைத்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அலறினார். அவர் அலறியதைப் பார்த்துத்தான் எனக்கு நான் சாகப் போகிறேன் என்று தெரிந்தது.

மறுநாள் முதல் நடையிலேயே அப்பா என்னை மேலே கூட்டிப் போனார். அந்தப் பள்ளிக்கூடத்து வளாகத்தில் ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. வெள்ளைக்கார நர்ஸம்மா ஒருவர் யாராக இருந்தாலும் காசு வாங்காமல் கட்டுப் போட்டுவிடுவார். சுதந்திரம் வந்ததும் மற்ற வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறிவிட, இவர் மட்டும் தோட்டத்து ரோஜாச் செடிகளை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு. முகமெல்லாம் சுருக்கம். பஞ்சு மாதிரி தலை. அவருக்குத் தமிழில் 'உக்காரு', 'வாயைத் திற' இரண்டும்தான் தெரியும். அவை இரண்டும் எனக்கு அப்போது உதவவில்லை.

பழுப்புக் கண்ணாடி பாட்டிலைத் திறந்தார். மூக்கைத் துளைக்கும் நெடி. இடுக்கியில் பஞ்சை நனைத்து, என் முழங்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்: "திஸ் வில் ஸ்மார்ட், யங் மேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நொடி பஞ்சு பட்டது. முழங்காலில் யாரோ அடுப்பைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. நான் போட்ட சத்தத்தில் சன்னலில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் எழுந்து போயின.

ஒரு சின்ன பாட்டிலில் அதே மருந்தை ஊற்றிக் கொடுத்து, காலையும் மாலையும் கொஞ்ச நாள் போடச் சொல்லிக் கையால் சைகை காட்டினார் நர்ஸம்மா. அப்பா அதைச் சாமி பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் குனிந்து என் காதில் சொன்னார்:

"கேட்டியா கண்ணு? இதைப் போட்டா ஸ்மார்ட் ஆவியாமா."

"எரியுதுங்கப்பா."

"எரியட்டும். எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இந்த இடத்தில் அப்பாவுக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. பிற்பாடு அகராதிகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு வலி என்பதைத் தவிர வேறு பொருளே கிடையாது. ஜெர்மன்காரர்கள் இன்றும் வலிக்கு 'ஷ்மெர்ட்ஸ்' என்கிறார்கள். அதுவும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முதலில் புண் ஸ்மார்ட் ஆனது. பிறகு சுரீரென்று விழுந்த அடி ஸ்மார்ட். பிறகு அடி மாதிரி விழுந்த பேச்சு. அப்படிப் பேசத் தெரிந்த ஆள். அந்த ஆளின் வேகம், அந்த வேகத்துக்குக் காரணமான மூளை. அப்புறம் அவன் போட்ட சட்டை. இப்போது போன், டிவி, கடிகாரம், நம் ஊர்க் குளக்கரையில் போட்ட பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. பெயர்ப் பலகையில் ஸ்மார்ட் சிட்டியைச் சீர்மிகு நகரம் என்று தமிழாக்கியிருக்கிறார்கள். பழைய அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்திருந்தால் எரிச்சல்மிகு நகரம் என்று வந்திருக்கும். காலை நேரத்தில் பாலத்தடியில் வண்டியோடு நிற்கிறவர்கள் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்வானேன். ஊசி குத்தினால் நமக்கும் சுறுக்கென்கிறது. கடைக்கு அனுப்பும் பிள்ளையையும் சுறுக்கா வா என்கிறோம். புண் சுறுசுறுவென்று எரிகிறது, மாப்பிள்ளை சுறுசுறுப்பானவர் என்று பெண் கொடுக்கிறோம். சூட்டிகையான குழந்தை என்கிறோம். உள்ளே சூடு உட்கார்ந்திருக்கிறது. புத்தி வர வேண்டுமானால் முதலில் எங்கேயாவது எரிய வேண்டும் என்று இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்காமலே முடிவு செய்திருக்கிறார்கள். ஆகவே அப்பா அந்த வார்த்தையின் ஆயிரம் வருடப் பயணத்தை ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார், அவ்வளவுதான். மலை வண்டி டிரைவர் அல்லவா.

பாட்டில் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் குடியேறியது. காலையில் வண்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு முறை, சாயங்காலம் தோசைக்கு முன்னால் ஒரு முறை. அப்பாவே போடுவார். நான் துள்ளத் துள்ள அவர் முகம் மலரும்.

முதலில் சந்தேகம் கிளப்பியவர் கண்டக்டர் மாமா. அப்பாவின் வண்டியிலேயே வேலை பார்ப்பவர். எங்கள் லைனிலேயே குடியிருந்தார்.

"ஏனுங்கண்ணா, முழங்கால்ல போட்டா மூளைக்கு எப்படிங்க போகும்?"

"டீசல் டேங்க் எங்க இருக்குது?"

"கீழங்க."

"எஞ்சின்?"

"முன்னாலங்க."

"பைப்புல ஏறலையா? அப்படித்தான்."

கண்டக்டர் மாமா யோசித்தார். மறுநாள் சாயங்காலம் முழங்கையில் ஒரு சிராய்ப்போடு வந்து நின்றார். படிக்கட்டில் தொங்கும்போது பட்டுவிட்டது என்றார். அப்பா அவருக்கும் இரண்டு சொட்டுப் போட்டார். அதற்கு அடுத்த நாள் மாமா, "சும்மா சொல்லக் கூடாதுங்கண்ணா. இன்னைக்கு அத்தனை கூட்டத்துலயும் யாருக்கு டிக்கெட் குடுத்தேன், யாருக்குக் குடுக்கலைன்னு பொட்டாட்ட ஞாபகம் இருந்துச்சுங்க" என்றார்.

அதோடு விஷயம் லைன் முழுக்கப் பரவிவிட்டது. கணக்கில் பெயிலான பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிக்கொண்டு வந்தார்கள். புண் இல்லாத பிள்ளைகளுக்கு மருந்து போட முடியாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதில் அவர் நேர்மையானவர். அந்த வாரம் எங்கள் லைனில் விளையாடிய பிள்ளைகளை அம்மாமார் யாரும், விழுந்துவிடாதே என்று எச்சரிக்கவில்லை.

எனக்கோ பயம் வேறு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது. மருந்து வேலை செய்யவில்லையென்றால் அப்பா வருத்தப்படுவார். வேலை செய்துவிட்டால் என்னை மலையில் விட்டுவிடுவார். நான் ராத்திரி பகலாக என்னைக் கண்காணித்தேன். எங்கேயாவது புத்தி முளைக்கிறதா என்று. ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே என் வாய் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் பாதிக்கு மேல் ஒருநாளும் தாண்டியதில்லை. இப்போது கடகடவென்று கடைசி வரை ஓடி நின்றது. சொம்பு கையிலிருந்து விழுந்தது. முடிந்தது கதை. ஸ்மார்ட் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்துவிட்டது.

ஈரத்தோடு எதிர்வீட்டு அக்காவிடம் ஓடினேன். அக்கா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பாடத்திலும் முதல். ஒரு மருந்தும் போடாமலே அப்படி இருந்ததால் அப்பாவுக்கு அவள்மேல் லேசான சந்தேகம் உண்டு.

"அக்கா, எனக்குப் புத்தி வந்திருச்சு."

"யாரு சொன்னா?"

வாய்ப்பாட்டைச் சொல்லிக் காட்டினேன். அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் வந்த மாதிரித்தான் இருக்குது. அதுக்கு ஏன் அழுவறே?"

"இதைக் கொறைக்க என்னக்கா செய்யணும்?"

அக்கா வெகு நேரம் யோசித்தாள். "மத்தியானம் நல்லாத் தூங்கு. எருமைத் தயிர் ஊத்தித் தின்னு. புஸ்தகத்தைத் தொடாதே. யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காதே."

"இதெல்லாம் நான் எப்பவும் செய்யறதுதானக்கா."

"அப்பப் பயப்படாதே" என்றாள் அக்கா. "உன்னை ஒரு மருந்தும் ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் என்னைத் திட்டினாள் என்பது புரிய இரண்டு நாள் ஆயிற்று. அது புரிந்ததும் மறுபடியும் பயம் வந்துவிட்டது, முன்னைவிடப் புத்தி கூடியிருக்கிறதே என்று.

இதற்கிடையில் முழங்கால் ஆறவேயில்லை. ஆற விட்டால்தானே. பொருக்குத் தட்ட ஆரம்பித்ததும் அப்பாவுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். "மூடிருச்சுன்னா மருந்து எப்படி உள்ள போகும்?" என்று வெந்நீர் ஒற்றி அதை எடுத்துவிடுவார். அம்மா ஒருநாள், "பையன் நொண்டறானுங்க" என்றாள். "ஸ்மார்ட்டா நொண்டறான்" என்றார் அப்பா. இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆனால் அந்தக் கையில் கொடுமை துளியும் கிடையாது. விரலால் தொட்டால் எனக்கு வலிக்கும் என்று கோழி இறகில் மருந்தைத் தொட்டுப் போட்டவர் அவர். எரிவதைத்தான் அவர் வலியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கும் நாள் வந்தது. அப்பா லீவு போட்டுவிட்டு, வெள்ளை வேட்டியில், தன் வண்டியிலேயே பயணியாக உட்கார்ந்தார். ஸ்டியரிங் வேறொரு டிரைவரிடம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அப்பாவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அம்மா போட்டுவிட்ட ஸ்வெட்டர் கடித்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் தப்பாகச் சொல்வது என்று தீர்மானித்திருந்தேன். இரண்டும் இரண்டும் எத்தனை என்றால் ஏழு. நம் நாட்டின் தலைநகரம் எது என்றால் காரமடை.

தலைமை ஆசிரியர் அறையில் மர அலமாரியும் மெழுகு வாசனையும் இருந்தன. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பெரிய உருவம், மெதுவான குரல். ஓரத்து நாற்காலியில் நர்ஸம்மா உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். புதிதாக வரும் பிள்ளைகளின் உடம்பைப் பார்ப்பது அவர் வேலை. என் கட்டைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தினார்.

"ஸ்டில் ஸ்மார்ட்டிங்?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்தார்.

"யெஸ் மேடம். மார்னிங் ஸ்மார்ட், ஈவினிங் ஸ்மார்ட். டெய்லி டெய்லி ஸ்மார்ட், மேடம்."

நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது. விடுவிடுவென்று வந்து மண்டி போட்டுக் கட்டைப் பிரித்தார். உள்ளே பார்த்ததும் இங்கிலீஷில் என்னவெல்லாமோ சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூட அப்பாவின் சேகரிப்பில் கிடையாது. அப்பா சிரித்த முகமாகவே நின்றார், பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு.

தலைமை ஆசிரியர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவை உட்கார வைத்து, முழுக் கதையையும் கேட்டார். கேட்கக் கேட்க மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டார்.

"ஐயா, அம்மா சொன்னது வேற. ஸ்மார்ட்டுன்னா அறிவாளி, கெட்டிக்காரன், எல்லாம் சரிதான். ஆனா புண்ணுல மருந்து போடும்போது சொன்னா அதுக்கு எரியும்னு அர்த்தம். 'கொஞ்சம் வலிக்கும்டா தம்பி, பொறுத்துக்கோ'ன்னு சொல்லியிருக்காங்க."

அப்பா என் முழங்காலைப் பார்த்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் அதைப் பார்த்தார் என்று தோன்றியது. பிறகு வேட்டி நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

நிலைமையை லேசாக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தலைமை ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "சரி தம்பி, பதின்மூணு ஏழு எவ்வளவு?"

காரமடை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தொண்ணூத்தி ஒண்ணுங்க."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மருந்தாவது மண்ணாவது, பயத்தில் வந்த பதில் அது. என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த பல காரியங்கள் இப்படிப் பயத்தில் கைதவறிச் செய்தவை.

"அட, பரவாயில்லையே" என்றார் தலைமை ஆசிரியர். இன்னும் இரண்டு மூன்று கேட்டார். எல்லாவற்றுக்கும் என் வாய் எனக்குத் துரோகம் செய்தது. அவர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பையனை எடுத்துக்கொள்கிறோம், ஜூனில் பெட்டியோடு கொண்டுவந்து விடுங்கள் என்றார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதன் பிறகு, வருகிற பெற்றோர்களிடமெல்லாம் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து தானாக வந்தது:

"நீங்க கவலையே படாதீங்க. நாங்க அவனை ஸ்மார்ட் ஆக்கிடுவோம்."

அப்பா கையை உருவிக்கொண்டார்.

"வேண்டாமுங்க."

"என்னது?"

"பையனை விடலைங்க. கூட்டிட்டுப் போறனுங்க."

தலைமை ஆசிரியருக்குத் தான் சொன்னது உறைத்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஐயா, இது அந்த ஸ்மார்ட் இல்ல. இது மத்தது. அறிவு."

"புரியுதுங்க" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. "ரெண்டும் ஒரே வார்த்தைதானுங்களே. நீங்க எப்ப எதைச் சொல்றீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான் கீழ வண்டி ஓட்டிட்டு இருப்பேன். மேல பையன் ஸ்மார்ட்டா இருக்கான்னு நீங்க சொல்லி அனுப்புவீங்க. நான் சந்தோசமா இருந்துபோடுவேன். இந்த ஒரு மாசமா இருந்தாப்புல."

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், என் முழங்காலில் வெள்ளையாக ஏதோ களிம்பைத் தடவிப் புதுக் கட்டுப் போட்டு முடித்திருந்தார். அது எரியவேயில்லை. குளுகுளுவென்று இருந்தது. அப்பா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். தலைமை ஆசிரியரையும் கும்பிட்டார். "வாரனுங்க" என்று சொல்லி என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பத்து வயதுப் பையனை. நான் நடப்பேன் என்றேன். அவர் கேட்கவில்லை.

இறங்கும் வண்டியில் அவருக்கு முன் சீட்டு கிடைத்தது. என்னை சன்னலோரம் உட்கார வைத்து, காலை எடுத்துத் தன் மடியில் நீட்டிவைத்துக்கொண்டார். இந்த முறை அவர் கால் பிரேக்கை மிதிக்கவில்லை.

"இத்தனை நாளும் நோவுச்சா கண்ணு?"

"நோவுச்சுங்கப்பா."

"சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொன்னனுங்கப்பா. நீங்கதான் வேலை செய்யுதுன்னு சொன்னீங்க."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்தார். பிறகு குனிந்து, கட்டுப் போட்ட முழங்காலில் ஊதினார். கட்டுக்கு மேலே ஊதி என்ன பயன். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். வளைவுக்கு வளைவு ஊதிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் எங்களைப் பார்த்த டிரைவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

குஞ்சப்பனையில் வண்டி நின்றதும் கண்டக்டர் மாமா பையை இடுக்கிக்கொண்டு எங்கள் சீட்டுக்கு வந்தார். லைன் முழுக்க முடிவு தெரியக் காத்திருந்தது. முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை தனக்குத்தான் என்று அவருக்கு நினைப்பு. முழங்கையைச் சட்டைக்கு மேலாகத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"என்னாச்சுங்கண்ணா? பையன் ஸ்மார்ட் ஆயிட்டானுங்களா?"

அப்பா ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ரொம்ப ஆயிட்டானப்பா" என்றார். "இனி ஆக உட மாட்டேன்."